மாமன் வீட்டு ஆண் மீன்கள்

ஒரு வருடம் என் கல்யாணப் பொறுப்பை எங்கள் வீட்டார் ரோகு மீன்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை பார்க்கிறவர்கள் நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஆவணி மாதத்துக் காலையில் குளத்தங்கரையில் நின்றவள் நான்தானே, அவர்கள் இல்லையே.

எங்கள் நிலம் திருமானூரைத் தாண்டி, கொள்ளிடத்துப் பக்கம் போகிற வாய்க்காலை ஒட்டி இருந்தது. கரும்பு போட்டு, வெட்டு ஆளுக்கு அலைந்து, ஆலைக்கு அலைந்து அலுத்துப்போன அப்பா, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் கோபத்தில் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்திக் கரும்பு நின்ற இடத்தை எல்லாம் குளமாக வெட்டிவிட்டார். மீன் வளர்த்து விற்பதில் அவருக்கு ஆசை இல்லை. அதை எல்லாரும் செய்வார்களாம். இவர் மீன் குஞ்சு பொரிக்க வைத்து, பாலித்தீன் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்து, குளம் வைத்திருப்பவர்களுக்கு விற்றார்.

ஆடி, ஆவணியில் மழை இறங்கியதும் வேலை ஆரம்பமாகும். சினை பிடித்த பெண் மீனுக்கும் ஆண் மீனுக்கும் இணையத் தூண்டும் ஊசி போட்டு, கொசுவலைத் துணியில் தொட்டி மாதிரி தைத்துக் குளத்துக்குள் கட்டி, சாயங்காலம் அதில் விடுவார். மறுநாள் காலையில் துணி முழுக்க ஊறிய ஜவ்வரிசி போல முட்டை கிடக்கும். கண்ணாடியாகத் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பாலாக வெளுத்துவிட்டால் செத்துவிட்டது. வெளுத்ததை அப்படியே விட்டால் நல்லதையும் கெடுத்துவிடும். அதனால் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, டீ வடிகட்டியால் வெளுத்த முட்டைகளை அள்ளி அள்ளி வெளியே கொட்டுவாள். அந்த வேலையை வேறு யாரையும் செய்யவிடமாட்டாள். நாங்கள் செய்தால் நல்ல முட்டையும் சேர்ந்து வந்துவிடுகிறதாம்.

ஆரம்பத்தில் அரசுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்த நாலைந்து பெரிய மீன்களோடு சரி. அதற்குப் பிறகு வருடா வருடம் பிறந்த குஞ்சுகளில் நன்றாகக் கொழுத்தவற்றை நிறுத்தி வைத்து, அவற்றையே அடுத்த தாய் தகப்பனாக ஆக்கிக்கொண்டார். வெளியிலிருந்து ஒரு மீன்கூட வாங்கியதில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. குளத்தைக் காட்டி, "எல்லாம் நம்ம வூட்டுப் புள்ளைங்க" என்பார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். அப்பா அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். அப்பாவின் அப்பாவும் அப்படித்தான் கட்டினாராம். எல்லாருக்கும் ஒரே மூக்கு. நுனியில் சின்னக் கத்தரிக்காயை ஒட்டவைத்தது போல இருக்கும். எனக்கும் உண்டு. ஜெயங்கொண்டத்துப் பக்கம் இருந்த என் தாய்மாமனுக்கும் உண்டு, மாமன் மகனான அத்தானுக்கும் உண்டு. நான் பிறந்தபோதே, "மூக்குக்கு மூக்கு சரியா இருக்கு" என்று என்னை அத்தானுக்குப் பேசி முடித்துவிட்டார்களாம்.

அத்தானிடம் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. சிமெண்டு ஆலையில் வேலை, வெளுத்த சட்டை, வெளுத்த புருவம். சின்ன வயதில் என் பலூனை உடைத்தவன், நான் அவன் தலையில் சாணியைக் கவிழ்த்தேன். அத்தோடு எங்கள் காதல் முடிந்துவிட்டது. நானோ அரியலூரில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய படிப்பாளி எல்லாம் இல்லை, தவளையை அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டவள்தான். ஆனால் திருச்சிக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதைவிடப் பெரிதாக, அந்த மூக்கைத் தினமும் எதிரில் உட்காரவைத்துச் சோறு போடக்கூடாது என்ற ஆசையும் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதே எனக்குப் போதும்.

வீட்டில் சொன்னேன். அப்பா, "உங்கம்மாவைக் கேளு" என்றார். அம்மா, "என் அண்ணன் வூட்டுக்குப் போறதுக்கு உனக்கு என்னடி கேடு?" என்றாள். அதோடு விசாரணை முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் லெப்பைக்குடிக்காட்டுப் பாய் வந்தார். துபாயில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். சும்மா உட்கார முடியாமல் குளம் வெட்டி, எங்களிடம்தான் குஞ்சு வாங்கி விட்டிருந்தார். வந்தவர் காபியைக்கூடத் தொடாமல், செய்தித்தாளை விரித்து அதில் நாலு மீனை எடுத்துவைத்தார். நாலும் முதுகு வளைந்து கிடந்தன.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க மீனெல்லாம் எனக்கு சலாம் போடுது."

அப்பா மீனைப் பார்த்தார். மீன் அப்பாவுக்கும் சலாம் போட்டது.

"நானும் தினம் கரையில நின்னு பதில் சலாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன். தவிடு திங்கிது, புண்ணாக்கு திங்கிது, வளரத்தான் மாட்டேங்குது. இன்ஷா அல்லா அடுத்த தடவையாச்சும் நிமிர்ந்து நிக்கிற மீனாக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஆறிய காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. பாய் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனதுதான் அவரைக் குத்தியது. மறுநாளே மீன் ஆபீசுக்குக் கிளம்பினார். அது அத்தனை சுலபம் இல்லை. அந்த ஆண்டுகளில் அரியலூர் தனி மாவட்டமாகிப் போவதும், மறுபடி பெரம்பலூரோடு வந்து சேர்வதுமாக இருந்தது. ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது, எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதே ஒரு ஆராய்ச்சி. எப்படியோ கண்டுபிடித்து, ஒரு சாரை வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்.

சார் இளவயதுக்காரர், அதிகம் பேசாதவர். குளத்தில் வலை போட்டு மீனை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுக்கு முதுகு வளைவு, ஒன்றுக்குத் தாடை குட்டை, பலதுக்கு மூக்கு மழுங்கல்.

"வெளி மீன் சேர்த்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"சேர்த்ததே இல்ல சார்" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப எல்லாம் சொந்தத்துக்குள்ளேயேவா?"

"ஆமா சார். சொந்தத்துக்குள்ளேயேதான்."

சார் பொறுமையாக விளக்கினார். எந்த உயிருக்குள்ளும் வெளியே தெரியாத குறை ஏதாவது ஒளிந்திருக்கும். உறவில்லாத அசலில் சேரும்போது ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கம் மூடிவிடும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே சேர்ந்தால் அதே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து, மூட ஆளில்லாமல் வெளியே வந்து நிற்கும். "ஆத்துல ஆயிரம் குடும்பத்து மீன் இருக்கு. ஒரு சீக்கு வந்தா சிலது சாகும், சிலது தாங்கும். உங்க குளத்துல ஒரே குடும்பம். வந்துச்சுன்னா ஒட்டுமொத்தமாப் போயிடும். உறவே இல்லாத ஆண் மீனா வெளியேருந்து கொண்டாந்து விடுங்க."

காபி எடுத்துவந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சொந்தத்துல கட்டினாத்தான சார் ஒத்துமையா இருக்கும்?" என்று மீன்களுக்காகக் கேட்டாள்.

சார் அம்மாவின் மூக்கைப் பார்த்தார். அப்பாவின் மூக்கைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தார்.

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். நான் சொன்னால் திமிர், ஆபீசர் சொன்னால் விஞ்ஞானம். இனி அப்பாவே புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அப்பாவும் புரிந்துகொள்ளத்தான் செய்தார், அவர் வழியில். இரவுச் சாப்பாட்டின்போது கையை உதறிவிட்டு அறிவித்தார்.

"சார் சொல்றது கரெக்ட்டுதான். நம்ம குளத்துல இருக்குறதெல்லாம் பங்காளி மீனு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. பங்காளிக்குள்ள கட்டலாமா? தப்பு நம்ம மேலதான்."

"ஆமாம்ப்பா" என்றேன், ஆவலோடு.

"அதனால மச்சான் குளத்துலேருந்து ஆம்பள மீனைக் கொண்டாந்துடுவோம். மாமன் வூட்டு மீனு. முறையும் சரியா இருக்கு."

எனக்குப் புரை ஏறிவிட்டது. மாமா குளம் வெட்டியபோது, சீர் வரிசையோடு சீராகக் குஞ்சு மீன் கொண்டுபோய்க் கொடுத்தவரே அப்பாதான். மாமாவின் குளத்தில் இருந்த ஒவ்வொரு மீனும் எங்கள் மீனின் பிள்ளை. அதைச் சொன்னேன். கத்தியே சொன்னேன்.

"குடுத்தது நாமதான். யாரு இல்லன்னா?" என்றார் அப்பா. "கட்டிக்குடுத்த பொண்ணு அப்புறம் எந்த வூட்டுப் பொண்ணு? போன வூட்டுப் பொண்ணுதானே? அது மாதிரி, குடுத்த மீனு அவங்க வூட்டு மீனு."

நான் படித்த மூன்று வருடப் படிப்பில் இதற்குப் பதில் இல்லை. அம்மா, "இதுகூடத் தெரியல, காலேஜுக்குப் போறா" என்று எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

மாமன் வீட்டு ஆண் மீன்கள் மினி லாரியில், நீல நிற டிரம்மில் வந்து இறங்கின. அம்மா டிரம்முக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். ஆரத்திக்குக் கரைத்தவளை நான்தான் தடுத்தேன். மாமா சம்பந்தி தோரணையில் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபியில் சர்க்கரை குறைவு என்றார், வடை கல் மாதிரி இருக்கிறது என்றார். மீனைக் குளத்தில் விடும்போது, "பதமா விடு மாப்ள, எங்க வூட்டுல செல்லமா வளந்தது" என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டார். அப்பா ஏதோ மணமகனைக் கைப்பிடித்து இறக்குவது போல ஒவ்வொரு மீனாக இறக்கிவிட்டார். அத்தான் லாரியின் மறுபக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "மீன் சம்பந்தம் முடிஞ்சுது. அடுத்தது புள்ளைங்க சம்பந்தம். என் மீனு நல்லபடியாப் பொரிச்சுதுன்னா, தையில கல்யாணம். என்ன மாப்ள சொல்ற?"

"அப்படியே ஆகட்டும் மச்சான்" என்றார் அப்பா. அம்மா அப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் என் தலைவிதி கொசுவலைத் துணிக்குள் போய்ச் சேர்ந்தது. முட்டை பொரித்தால் எனக்குக் கல்யாணம். பொரிக்காவிட்டால் கல்யாணம் இல்லை, ஆனால் அப்பா நொடித்துப்போவார். ஏற்கெனவே பாய் ஒதுங்கிவிட்டார், இன்னும் சிலரும் ஒதுங்கினார்கள். இந்தப் பருவமும் போனால் குளத்தை மூடிவிட்டு மறுபடி கரும்புதான். நான் கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளின் முன்னால் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டும் குடியானவர்களின் நடுவே நின்று, "முட்டை பொரிக்க வேண்டும், ஆனால் மாமா மீனால் பொரிக்கக்கூடாது" என்று கேட்டேன். பெருமாளுக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

ஊசி போட்ட மறுநாள் காலை எல்லாரும் கரையில் இருந்தோம். மாமாவும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அம்மா வடிகட்டியோடு தண்ணீரில் இறங்கித் துணியின் ஓரத்தைத் தூக்கினாள்.

வெள்ளை. எங்கோ இங்கொன்றும் அங்கொன்றும் கண்ணாடியாக மினுங்கியதைத் தவிர, மொத்தமும் பாலாக வெளுத்துக் கிடந்தது.

அம்மா அள்ளத் தொடங்கினாள். அப்பா கரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். மருந்து சரியில்லை என்றார், தண்ணீர் சூடு என்றார், அந்தப் பக்கம் போன யாரோ ஒருவரின் கண் என்றார். பேசப் பேசக் குரல் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கு ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பெருமாளிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

மாமா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். "எங்க ஆம்பள மீன்ல ஒரு குறையும் இல்ல மாப்ள. அதை முதல்ல தெரிஞ்சுக்க. எங்க குளத்துல ராசா மாதிரி இருந்தது. குறை உங்க பொம்பள மீன்லதான்."

மாமா விடவில்லை. "வவுத்துல தங்கலன்னா ஆம்பள என்ன பண்ணுவான்? பொட்டைகிட்ட சத்து இல்ல. மாத்து பொட்டையை."

அம்மாவின் கை நின்றது. வடிகட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். அது மெதுவாக மிதந்து போனது.

"நிறுத்துண்ணே."

அம்மா மாமாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. மாமா சொன்னால் ராத்திரியைப் பகல் என்பாள். இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அவரையே பார்த்தாள்.

"எனக்கும் இதையேதான் சொன்னாங்க. இவளுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. ஒண்ணுகூடத் தங்கல. அப்ப எல்லாரும் கூடி நின்னு, குறை என் வவுத்துலதான்னு சொன்னாங்க. நீயும் பக்கத்துலதாண்ணே நின்ன. ஒரு வார்த்தை பேசுனியா?"

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார்.

"திருச்சி ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, சொந்தத்துலயா கட்டியிருக்கீங்கன்னு. ஆமான்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல, தலையை மட்டும் ஆட்டுனாங்க. ஏன் கேட்டாங்கன்னு எனக்கு அப்பப் புரியல. அந்த ஆபீஸ் சார் வந்து மீனுக்குச் சொன்னாருல்ல, அன்னிக்குத்தான் சுருக்குன்னுச்சு. ஆனாலும் நம்ம அண்ணன் வூடாச்சேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். இப்ப நீயே வாயைத் தொறந்துட்ட." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் பொண்ண உன் வூட்டுக்குக் குடுக்கமாட்டேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் என்று துளியும் இல்லை. அத்தனை வருடம் வெளுத்த முட்டைகளை வேறு யாரையும் அள்ளவிடாமல் அவளே அள்ளிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று பேருக்கும் சொந்தம்தான் காரணமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொந்தத்தில் கட்டி, முத்து முத்தாகப் பிள்ளை பெற்றவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நானே அப்படிப் பிறந்து கல்லுக்குண்டாக இருப்பவள்தான். காரணம் எதுவோ, பழியை மட்டும் அவள் ஒருத்தி சுமந்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போது பேசாமல் நின்றவர்தானே.

மாமா பஸ் ஏறிப் போய்விட்டார். சும்மா போவாரா? ஒரு வாரம் கழித்து அதே மினி லாரி, அதே நீல டிரம்மோடு வந்து நின்றது.

"உறவு முறிஞ்சுபோச்சு. எங்க மீனை எங்ககிட்ட குடுத்துடு மாப்ள."

"தாராளமா எடுத்துக்குங்க மச்சான்" என்றார் அப்பா. அந்த ஆண் மீன்களை அவர் மற்ற மீன்களோடு பெரிய குளத்தில் விட்டுவிட்டிருந்தார். வலை போட்டு இழுத்தார்கள். வலை நிறைய ரோகு துள்ளியது. மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி ஒன்றைத் தூக்கினார்.

"இது எங்க வூட்டு மீனு."

"அது பொட்டை மச்சான்."

மாமா அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தார். "அப்ப இது."

"அது ஆரம்பத்துலேருந்து இங்க கெடக்குறது. அதுக்கு மூக்கு மழுங்கலா இருக்கும்."

"எங்க மீனுக்கும் மூக்கு மழுங்கல்தான்!"

"எங்க மீனுக்கு முதுகு லேசா வளைஞ்சிருக்கும்."

"எங்க மீனுக்கும்தான் வளைஞ்சிருக்கும்!"

இருவரும் ஆளுக்கொரு மீனை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் நின்று கத்தினார்கள். மழுங்கல் மூக்கு மீன் இரண்டு, கத்தரிக்காய் மூக்கு மனிதர் இரண்டு பேர். நான் கரையில் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்பாதான் முதலில் நிறுத்தினார். கையில் இருந்த மீனைப் பார்த்தார், மாமா கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு வலையில் கிடந்த எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வித்தியாசம் தெரியலையே மச்சான்" என்றார் மெதுவாக. "எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு."

ஆபீஸ் சார் சொல்லி ஏறாதது, படித்த மகள் கத்தி ஏறாதது, அந்தச் சேற்றில் நின்றபோது அவருக்கு ஏறிவிட்டது. கடைசியில் மாமாவை எண்ணிக்கைக்கு எதையோ பிடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மாமாவும் எங்கள் குளத்திலேயே நல்லதாகத் தெரிந்தவற்றைப் பொறுக்கி டிரம்மில் போட்டுக்கொண்டார். மாமாவோடு கூட வந்திருந்த அத்தான் லாரியில் ஏறும்போது என் பக்கம் குனிந்து, "அப்பாடா, தப்பிச்சோம்" என்றான். முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் வேண்டாம் என்பது வேறு, அவன் தப்பித்தேன் என்பது வேறு. அன்று முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த வருடம் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததும் அப்பா ஆற்று மீன் தேடிக் கிளம்பினார். வலைக்காரர்களிடம் உயிரோடு ஆண் ரோகு வேண்டும் என்று சொல்லிவைத்துக் கரையிலேயே காத்துக் கிடந்தார். கிடைத்த பிறகும் உடனே வாங்கிவிடவில்லை. மார்புத் துடுப்பைத் தடவி, சொரசொரவென்று இருக்கிறதா, ஆண்தானா என்று பார்த்தார். முதுகைத் தடவினார். மூக்கை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இது எந்தப் பக்கத்து மீனுப்பா?"

"ஆத்து மீனுக்கு ஏதுங்க பக்கம்? மேலேருந்து வருது, கீழ போவுது" என்றார் வலைக்காரர்.

"அது சரி. ஆனா எங்க குளத்துலேருந்து எதுவும் தப்பிச்சு ஆத்துக்கு வந்திருக்காதே?"

வலைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அக்கரைக்குப் போய்வந்த படகிலிருந்து இரண்டு மீனை வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்குத் திருப்தி.

அந்த மீன்கள் வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. தவிட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புண்ணாக்கைக் கண்டால் ஓடின. ஒன்று துணித் தொட்டியைக் கிழித்துக்கொண்டு போனது, இன்னொன்று ஊசி போடவந்த அப்பாவின் கன்னத்தில் வாலால் ஒரு அறை விட்டது. அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "பார்த்தியா, என்னா திமிரு! இதுதான்டி ரத்தம்!" என்று கூத்தாடினார். நம் வீட்டு மீன் ஒருநாளும் அவரை அறைந்ததில்லையாம்.

அந்த ஆவணியில் அம்மா துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வடிகட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கரையேறிவிட்டாள். அள்ள அதிகம் இல்லை. தொட்டி முழுக்கக் கண்ணாடி மணிகளாக உருண்டுகொண்டிருந்தது. பாய்க்கு முதல் பை போனது. சில மாதம் கழித்துச் சொல்லி அனுப்பினார், மீன்கள் சலாம் போடுவதை நிறுத்திவிட்டன, இப்போது அவரைக் கண்டுகொள்வதே இல்லை என்று.

நான் திருச்சியில் மேலே படித்தேன். "படிக்கட்டும், மாப்ள மெதுவாப் பார்ப்போம்" என்று அம்மாதான் சொன்னாள். பிறகு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் எங்கள் உறவுக்காரர்களுக்குச் சோதனை வந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தால் முதல் வேலை உறவு கண்டுபிடிப்பது. உங்க தாயார் எந்த ஊரு, அவங்க சித்தப்பா வூட்டுல யாரைக் கட்டியிருக்கு என்று சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில், "அட, அப்ப நீங்க எங்களுக்கு மச்சான் முறையாச்சே!" என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம்தான் காபியே சுவைக்கும்.

அம்மாவும் கேட்டாள். மற்றவர்களைவிட நுணுக்கமாகக் கேட்டாள். போலீஸ்காரர் தோற்றார். முதலில் வந்த வரனுக்கு எல்லாம் பொருந்தியிருந்தது. பையனின் அம்மாவுக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு பெரியம்மா இருப்பது வெளியே வந்ததும் கூட்டமே, "ஆகா, நம்ம சொந்தம்!" என்று குதூகலித்தது. அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள். இன்னொரு வரன், பையனின் தாத்தா எங்கள் மாமா ஊரில் ஒரு காலத்தில் கடை வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகப் போனது.

குரும்பலூர்ப் பக்கத்து வரனைக் கல்லங்குறிச்சிக் கோயிலில் வைத்துப் பார்த்தோம். தரிசனம் முடித்து, புளியோதரைத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்தோம். இரண்டு வீட்டாரும் அறிமுகமானதும் அம்மா ஆரம்பித்தாள். பையனின் அம்மா பிறந்த ஊர். அவருடைய அம்மா பிறந்த ஊர். பெரியப்பா கட்டிய இடம், சித்தி போன இடம். அந்த அம்மாள் பாவம், உறவு கண்டுபிடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, நினைவில் இருந்த அத்தனை பேரையும் ஆசை ஆசையாக இழுத்துவந்து முன்னால் நிறுத்தினார். ஒன்றும் ஒட்டவில்லை. வியர்த்துப்போய், குரல் கம்ம, "எந்த வழியிலயும் சொந்தம் வரலையேங்க" என்றார்.

"வரலையா? சுத்தமா வரலையா?" என்றாள் அம்மா.

"சுத்தமா வரலைங்க."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா, கொள்ளிடக் கரையில் நின்றபோது இருந்த அதே முகத்தோடு தலையை ஆட்டினார். அம்மா எழுந்து, மரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்த அந்தப் பையனின் அருகே போனாள். அண்ணாந்து அவர் மூக்கைப் பார்த்தாள். வெயில் படும்படி கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி பார்த்தாள். நீளமாக, கூராக, எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லாத மூக்கு.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. இலையை எடுத்து அவர் கையில் கொடுத்து, தூக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க மாப்ள" என்றாள்.